பாண்டீஸ்வரி தண்ணீரில் இருக்கும் நேரம்

பாண்டீஸ்வரி தண்ணீரில் இறங்கினால் வெள்ளப்பாறைப்பட்டிக்காரர்களுக்குக் கண் தெரியாது, ஏறினால் தெரியும். மேலூர்ப் பக்கம் யாரைக் கேட்டாலும் இதை மறைக்க மாட்டார்கள். புதன்கிழமை சந்தை கூடும், கடைசி பஸ் பத்தேகாலுக்கு என்று சொல்கிற அதே குரலில் இதையும் சொல்லிவிட்டு, நீங்கள் எந்த ஊர், சாப்பிட்டீர்களா என்று அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். பாண்டீஸ்வரியிடம் மட்டும்தான் மறைத்தார்கள், அதுவும் ஐந்து வருஷமாக, ஊரே கூடி.

அவளுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. பதினாறு வயசு வரைக்கும் வீடு, வாசல், பக்கத்து வீட்டு வாசல் என்று மூன்றே இடம்தான் அவளுக்குத் தெரியும். அண்ணன் மலைச்சாமி ஒருநாள் என்ன நினைத்தானோ, தங்கச்சி இடுப்பில் கயிற்றைக் கட்டி, கிரானைட் வெட்டியவர்கள் விட்டுவிட்டுப் போன குவாரிப் பள்ளத்தில், பனை உயரத்துக்கு மழைத்தண்ணீர் கட்டிக் கிடந்த அந்தப் பள்ளத்தில் அவளை இறக்கினான். அவள் தலை தண்ணீருக்குள் போன நொடியில், டீ ஆற்றிக்கொண்டிருந்தவருக்கும், சவரம் பண்ணிக்கொண்டிருந்தவருக்கும், பண்ணிக்கொள்ள உட்கார்ந்திருந்தவருக்கும், களை எடுத்தவர்களுக்கும், தொட்டிலில் கிடந்த பிள்ளைகளுக்கும் விளக்கை அணைத்த மாதிரி பார்வை போனது. மலைச்சாமிக்கும் போனது. கையில் கயிறு இருந்ததால் அவன் வாயை மூடிக்கொண்டு கயிற்றைப் பிடித்தபடி நின்றான். பதினோரு நிமிஷம் கழித்து அவள் ஏறியதும் ஊருக்குக் கண் திரும்பியது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் ரைஸ்மில் ஆண்டிச்சாமி அவள் இறங்குகிற நேரத்தையும் கண் போகிற நேரத்தையும் ஒட்டிப் பார்த்து விஷயத்தைக் கண்டுபிடித்தார்.

அன்று சாயங்காலமே மில் வாசலில் கூட்டம் போட்டார்கள். ஏன் இப்படி ஆனது என்று ஒருத்தரும் கேட்கவில்லை, கேட்டு என்ன ஆகப்போகிறது. அடுத்து என்ன செய்வது என்றுதான் பேசினார்கள்.

"பொறந்ததுல இருந்து சுவத்தப் பிடிச்சே நடந்த பிள்ளை, தண்ணிக்குள்ள போனா சுவரே வேணாங்குது. தெனம் ஒரு மணி நேரம் நமக்குக் கண்ணு தெரியலேன்னா என்ன குடியா முழுகிப் போகும்?" என்றார் ஆண்டிச்சாமி. "ஆனா ஒண்ணு. இது அவ காதுக்குப் போகக் கூடாது. போச்சுன்னா அன்னையோட நிப்பாட்டிருவா."

நிப்பாட்டிவிடுவாள் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. தண்ணீர் கேட்டால்கூட அடுத்தவர்களுக்குச் சிரமமோ என்று யோசிக்கிற பெண் அவள். அதனால் ஊர் ஒரு முறை வைத்துக்கொண்டது. காலையில் ஆறு மணிக்கு மில் சங்கு ஊதும். மில்லில் ஷிப்ட் மாறுகிறது என்று பாண்டீஸ்வரிக்குச் சொல்லியிருந்தார்கள். சங்கு கேட்டதும் அடுப்பை அணைப்பார்கள், கத்தியைக் கீழே வைப்பார்கள், பிள்ளையை மடியில் தூக்கி வைத்துக்கொள்வார்கள், நடந்துகொண்டிருந்தவர்கள் நின்ற இடத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்துவிடுவார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இது கிடையாது என்பதால், பானிபூரி விற்கிற பீகார்க்காரர் முக்குரோட்டில் நின்று வருகிற வண்டிகளைக் கைகாட்டி நிறுத்துவார். பெண் பார்க்க வருகிறவர்கள் ராகுகாலம் விசாரிப்பதற்கு முன்னால் அந்தப் பிள்ளை எத்தனை மணிக்கு இறங்குகிறாள் என்று விசாரிப்பார்கள். ஊர்க்காரன் எங்கே இருந்தாலும் கண் போகும், திருப்பூரில் கட்டிங் மாஸ்டராக இருந்தாலும் சரி, ஆந்திராவில் லாரி ஓட்டினாலும் சரி. அதற்காக ஆண்டிச்சாமி நூற்றுப் பதினேழு பேருடைய போன் நம்பரை வைத்துக்கொண்டு, பாண்டீஸ்வரி வெளியூர் நீச்சல் போட்டிகளுக்குப் போக ஆரம்பித்த பிறகு, ஒவ்வொரு தடவையும் மகனையும் மருமகளையும் பக்கத்தில் உட்காரவைத்து, "பாண்டி எறங்கப் போறா, ஓரங்கட்டு" என்று ஆள் ஆளுக்குச் சொல்வார். லாரி ஓரங்கட்டும். கட்டிங் மிஷின் நிற்கும். அவள் ஏறுகிற வரைக்கும் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், புண்ணியம் பண்ணுகிற மாதிரி ஒரு முகத்தோடு.

இதற்கு நடுவில்தான் அன்னமயில் வந்து சேர்ந்தாள். நத்தம் பக்கத்துப் பெண், முருங்கைத் தோட்டங்களில் காய் பறிக்கிற வேலை, மலைச்சாமிக்கு வாக்கப்பட்டு வந்தவள். வந்த புதிதில் அவளுக்குக் கண் போகவில்லை. சங்கு ஊதியதும் ஊரே உட்கார்ந்துவிட, புதுப்பெண் மட்டும் தாலிக்கயிற்றில் மஞ்சள் காயாமல் நடுத்தெருவில் நின்று முழிப்பாள். அதைத் தெரிந்துகொண்ட மலைச்சாமி அவளைக் குவாரிக்குக் கூட்டிப்போனான். பாண்டீஸ்வரி கல்சுவரில் மோதிக்கொள்ளாமல் இருக்க, சுவர் நெருங்கும்போது கண் தெரிந்த ஒருவர் தலையில் தட்ட வேண்டியிருந்தது. அன்னமயில் தன்னுடைய முருங்கைத் தொரட்டியில் கொக்கியைக் கழற்றிவிட்டு, நுனியில் பஞ்சு வைத்துத் துணி சுற்றிக்கொண்டு வந்தாள். எட்டாத கிளையில் எந்தக் காய் முற்றல், எது பிஞ்சு என்று தொரட்டி நுனியாலேயே தெரிந்துகொள்கிற கை அது. ஒரு தட்டு தப்பவில்லை.

வாக்கப்பட்டு வந்த மூன்றாம் மாசம் ஒருநாள் குவாரி ஓரத்தில் நிற்கும்போதே அவளுக்கும் இருட்டியது. அழுகை வந்தது, சந்தோஷத்தில். இனிமேல் தானும் இந்த ஊர்க்காரிதான் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தோன்றியது. ஆனால் கோலை வேறு ஆளிடம் கொடுக்கலாம் என்றால் பாண்டீஸ்வரி கேட்கவில்லை, "மதனி தட்டுனா மட்டும்தான் எனக்குப் பயமில்லாம இருக்கு" என்றுவிட்டாள். காரணத்தைச் சொல்லவும் முடியாது. அன்னமயில் காதைத் தீட்டிக்கொண்டாள். பாண்டீஸ்வரி கை தண்ணீரில் விழுகிற சத்தம் எதிர்ப்பாறையில் பட்டுத் திரும்பும். அவள் நெருங்க நெருங்கச் சத்தமும் எதிரொலியும் விலகி, ஒரு இடத்தில் இரண்டும் தனித்தனியாகப் பிரிந்துவிடும். அந்த இடத்தில் தட்டினாள். நாலு வருஷம் அப்படியே தட்டினாள், குருட்டுக் கண்ணோடு ஒரு குருட்டுப் பெண்ணின் தலையைக் காப்பாற்றிக்கொண்டு.

ஒரே ஒரு தடவை, மாநிலப் போட்டி அன்று அன்னமயிலுக்குக் காய்ச்சல் என்று வேறு ஒரு பெண் தட்டினாள். நேரம் தப்பி, பாண்டீஸ்வரிக்கு முன்பல் இரண்டு போனது. அதற்குப் பிறகு வேறு யார் பேச்சையும் அவள் எடுக்கவிடவில்லை. நம் நாட்டுப் போட்டிகளில் அவளோடு நீந்திய மற்றவர்கள் நல்ல தூரம் பின்தங்கி வந்ததால் அவள் சத்தம் தனியாகக் கேட்டது, காரியம் நடந்தது. அப்படியே நடந்து நடந்து, போன சித்திரையில் ஏழு மணி நேரம் விமானத்தில் பறந்து, நம் ஊரைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் விடிகிற ஒரு தேசத்தில், பதினெட்டு நாட்டுக்காரர்கள் கூடிய மாற்றுத்திறனாளி நீச்சல் போட்டியில் போய் நின்றார்கள் நாத்தனாரும் மதனியும்.

நூறு மீட்டர். ஐம்பது மீட்டர் போய்த் திரும்பி வரவேண்டும். இரண்டு முனையிலும் தட்ட ஆள் வேண்டும். அந்த முனைக்கு நாகர்கோவில்காரரான கோச் எட்வின் சார், இந்த முனைக்கு அன்னமயில். காலையில் தகுதிச்சுற்று. எட்டுப் பெண்கள் வரிசையாக ஏறி நின்றார்கள். லேசாக வெளிச்சம் தெரிகிறவளுக்கும் ஒன்றுமே தெரியாதவளுக்கும் நியாயம் ஒன்றாக இருக்கவேண்டும் என்று எட்டுப் பேருக்கும் கறுப்படித்த கண்ணாடி மாட்டியிருந்தார்கள். தட்டுகிறவர்களுக்கு மட்டும் கண் வேண்டும் என்பது சட்டம். விசில் ஊதியது, அரங்கம் அமைதியானது, எட்டுப் பேரும் பாய்ந்தார்கள், அன்னமயிலுக்கு இருட்டியது.

இருட்டிய பிறகுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது. இங்கே எதிர்ப்பாறை இல்லை. எட்டுப் பேர் கையும் காலும் ஒரே தண்ணீரில் அடிக்கிற அடி, உயரமான கூரைக்குப் போய்க் கலங்கி மேலிருந்து கொட்டியது. எது பாண்டி, எது பக்கத்துத் தடத்துக்காரி என்று பிரிக்க முடியவில்லை. குலசாமியைக் கும்பிட்டுக்கொண்டு ஒரு நினைப்பில் கோலை இறக்கினாள். பஞ்சு பட்டது பாண்டீஸ்வரியின் இடுப்பில். கை அதற்கு முன்னாலேயே சுவரில் மோதியிருந்தது.

ஏழாவது ஆளாக இறுதிச்சுற்றுக்குத் தேறினாள். வலது கையில் நடுவிரலும் மோதிரவிரலும் வீங்கிவிட்டன. அறைக்குக் கூட்டி வந்து ஐஸ் வைத்துக் கட்டிவிட்டு, எட்வின் சார் அன்னமயிலை வாசலுக்கு அழைத்தார்.

"இன்னொரு நொடி தப்பியிருந்தா விரலில்லை, மண்டை. சாயங்காலம் பாண்டீஸ்வரி இன்னும் வேகமா வருவாங்க. இங்கே தட்டுறதுக்குன்னே பயிற்சி எடுத்த டேப்பர்கள் இருக்காங்க, ஒருத்தரைக் கேக்கட்டுமா?"

"அவ ஒத்துக்கமாட்டா சார்."

"அப்போ நீங்க நேரத்துக்குத் தட்டணும். தப்பினா அடி, பயந்து முன்னாடியே தட்டினா மெடல் போச்சு. முடியுமா, முடியாதா? நாலு மணிக்குள்ளே சொல்லுங்க." ஒரு தடவை ஊருக்கு வந்தபோது டீக்கடையில் ஊர்க்காரர்கள் இவரிடமும் விஷயத்தைச் சொல்லியிருந்தார்கள், தன்னைக் கேலி செய்கிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அன்னமயில் உள்ளே வந்தாள். பாண்டீஸ்வரி கட்டிலில் உட்கார்ந்து, ஐஸ் கட்டிய கையை மடியில் வைத்திருந்தாள்.

"மதனி, நீங்க ஒருநாளும் லேட்டாத் தட்டுனதில்ல."

"ஆமா."

"இடுப்புல தட்டுனீங்க. என்னைப் பாத்துக்கிட்டுத்தான நின்னீங்க?"

அன்னமயில் கணக்குப் போட்டுப் பார்த்தாள். பொய் சொன்னால் சாயங்காலம் இந்தத் தலை சுவரில் மோதும். உண்மையைச் சொன்னால் இன்றோடு நீச்சல் போகும், அதோடு ஐந்து வருஷமாக முந்நூறு வீட்டுக்காரர்கள் வாய் திறக்காமல் காத்தது தன் வாயால் போகும். ஊரைவிட இந்தத் தலை முக்கியம் என்று பட்டது. தரையில் உட்கார்ந்து, முதல் நாள் பதினோரு நிமிஷத்திலிருந்து மில் சங்கு, பானிபூரிக்காரர், லாரி, தன் மூன்றாம் மாசம் வரைக்கும் ஒன்று விடாமல் சொல்லிமுடித்தாள்.

பாண்டீஸ்வரியின் கையில் கட்டிய ஐஸ் உருகி விரல் வழியாகச் சொட்டியது.

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்."

"பால்குடிப் பிள்ளைகளுக்கும்?"

"அதுகளுக்கும்தான்டி."

"நான் எறங்கல மதனி. சார்ட்டச் சொல்லிருங்க."

ஆண்டிச்சாமி சொன்னது அட்சரம் பிசகாமல் நடந்தது. அன்னமயில் தலையில் கையை வைத்துக்கொண்டாள். சுவரில் கடிகாரம் ஓடியது. இரண்டரை, இரண்டே முக்கால், மூன்று. எழுந்துபோய் எட்வின் சாரிடம் சொல்லவேண்டும், நாலு மணி வரைக்கும் இருக்கிறதே என்று உட்கார்ந்தே இருந்தாள். அப்போது பாண்டீஸ்வரி கேட்டாள், சும்மா தெரிந்துகொள்கிற மாதிரி.

"அந்த நேரத்துல நீங்கல்லாம் என்ன செய்வீங்க?"

"என்ன செய்ய, இருந்த எடத்துல உக்காந்துருவோம்."

"உக்காந்து?"

"நீ ஏறுற வரைக்கும் உக்காந்திருப்போம்."

"ஒருத்தரும் எந்திரிச்சு நடக்க மாட்டீங்களா?"

"கண்ணு தெரியாம எப்பிடி நடக்குறது? விழுந்துர மாட்டோமா?"

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அன்னமயிலுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். பாண்டீஸ்வரி முகம் மாறிப்போயிருந்தது. அவ்வளவு கோபத்தை அந்த முகத்தில் வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

"அஞ்சு வருசம், மதனி. தெனம் ஒரு மணி நேரம். ஒரு டம்ளர் தண்ணி மோந்து குடிச்சிருக்கீங்களா? ஒரு வீட்ல இருந்து அடுத்த வீட்டுக்குப் போயிருக்கீங்களா? இத்தனை பேர்ல ஒருத்தருக்காச்சும், நம்ம ஊர்லயே ஒருத்தி இப்பிடித்தான பொழைக்கிறா, அவகிட்டப் போயி எப்பிடி நடக்குறதுன்னு கேப்போம்னு தோணலையா? என்னைப் பாவம்னு நெனைச்சு உக்காந்திருந்தீங்க. எனக்கு வெளிச்சம் தர்றதா நெனைச்சு உக்காந்திருந்தீங்க. யாரு கேட்டா உங்கள உக்காரச் சொல்லி?"

அன்னமயிலுக்கு வெட்கத்தில் காது சுட்டது. 

"நான் எறங்குறேன்" என்றாள் பாண்டீஸ்வரி. "நீங்கதான் தட்டுறீங்க. கண்ணு தெரியாமத்தான் தட்டுறீங்க. கோலை எடுத்துட்டு வாங்க."

கோலை வாங்கித் தடவிப் பார்த்தாள். "இதத் தண்ணிக்கு மேல தூக்கிப் பிடிச்சு என் சத்தத்தக் கேட்டுக்கிட்டு நிக்கிறீங்க. எட்டுப் பேர் சத்தத்துல என்ன கேக்கும்? நுனியைத் தண்ணில மெதக்க விடுங்க. தடத்துக்குத் தடம் கயிறு கட்டியிருக்குல்ல, மத்தவ கெளப்புற அலை அந்தக் கயித்துலயே செத்துரும். என் தண்ணி மட்டும்தான் உங்க நுனிக்கு வரும். நான் வர்றதுக்கு முன்னால அது வரும். மொதல்ல நுனி லேசா நடுங்கும், அப்ப அசையாதீங்க. பெறகு தூக்கும், அப்பவும் அசையாதீங்க. தூக்குன நுனி உங்க பக்கமாத் தள்ளுச்சுன்னா அப்பத் தட்டுங்க. முருங்கக்காய நுனியிலயே பாக்குற கைதான அது?"

"ஒருக்க தொட்டுப் பழக நேரமில்லையேடி."

"எனக்கு மட்டும் யாரு நேரம் குடுத்தா?"

நாலு மணிக்கு அன்னமயில் எட்வின் சாரிடம் முடியும் என்று சொன்னாள்.  பிறகு வழக்கம்போல ஊருக்குப் போன் போட்டாள். ஆண்டிச்சாமி எடுத்தார்.

"மாமா, அவகிட்டச் சொல்லிட்டேன்."

 "அப்ப எறங்க மாட்டாளா?" என்றார்.

"எறங்குறாளாம். ஆறு பத்துக்கு, நமக்கு மூணு நாப்பது."

"நாங்க என்ன செய்யணும்னு கேளுத்தா."

அன்னமயில் கேட்டாள். "எப்பவும் போல உக்காந்திருக்கச் சொல்லுங்க, அதத்தான நல்லாச் செய்வாங்க" என்றாள் பாண்டீஸ்வரி, போனுக்குக் கேட்கிற மாதிரியே. ஆண்டிச்சாமி போனை வைத்துவிட்டார்.

ஆறு பத்து. இரண்டாம் தடம். வீங்கிய விரல்களைச் சேர்த்துப் பட்டி ஒட்டியிருந்தார்கள். பாண்டீஸ்வரி மேடையில் ஏறிக் குனிந்து நின்றாள். அன்னமயில் ஓரத்தில் முழங்காலிட்டாள். நாத்தனாருடைய குதிகாலைப் பார்த்தாள், நீலத் தண்ணீரைப் பார்த்தாள், கண் இருக்கிற வரைக்கும் பார்த்துக்கொள்வோம் என்று எதிர்முனையில் நின்ற எட்வின் சாரையும் ஒருமுறை பார்த்தாள். பீப் என்றது. இருட்டியது.

அதே நொடியில் கடலுக்கு அந்தப் பக்கம் வெள்ளப்பாறைப்பட்டியில் டீக்கடை அடுப்பும், வயல்காடும், பள்ளிக்கூடமும், எங்கெங்கோ ஓரங்கட்டிய லாரிகளும் இருட்டின. அன்னமயில் கோலின் நுனியைத் தண்ணீரில் போட்டாள். பாய்ந்த வேகத்தில் குழம்பிய தண்ணீர் நுனியை இழுத்துப் போட்டு ஆட்டியது. காது எட்டுப் பேர் இரைச்சலையும் கொண்டுவந்து கொட்டியது, கேட்காதே கேட்காதே என்று காதுக்குச் சொல்லிக்கொண்டாள். தூரத்தில் எட்டு பஞ்சு எட்டு உடம்பில் விழுகிற சத்தம் மொத்துமொத்தென்று கேட்டது. திரும்பிவிட்டார்கள். இனி அவளுடைய முறை.

நுனி சும்மா கிடந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள், இருபதைத் தாண்டியும் நுனி சும்மாவே கிடந்தது. ஒருவேளை போய்விட்டாளோ, ஒருவேளை இந்த நொடி மோதப் போகிறாளோ என்று கை தானாகத் தூக்கப் பார்த்தது, பல்லைக் கடித்து அடக்கினாள். இடது பக்கம் யாரோ தட்டினார்கள், அந்தச் சத்தத்துக்கு உடம்பே தூக்கிப்போட்டது. பக்கத்துத் தடத்துக்காரி வந்துவிட்டாள், பாண்டி எங்கே? நுனி நடுங்கியது. அசையாதே. நுனியைத் தண்ணீர் தூக்கியது. அசையாதே, அவள்தான் சொன்னாளே, அசையாதே. அப்புறம் அந்தத் தண்ணீர், வேறு யாருடையதும் இல்லை என்று கைக்குத் தெரிகிற அந்தத் தண்ணீர், கோலை அவள் நெஞ்சுப் பக்கமாகத் தள்ளியது. தட்டினாள். பஞ்சுக்கு அடியில் தலை உருண்டையாக வந்து பட்டது. அடுத்த கணம் ஒரு கை சுவரைப் பிடித்தது, மோதாமல், அளவெடுத்த மாதிரி.

அரங்கம் இரைந்தது. அன்னமயில் கோலைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"மதனி," கீழே இருந்து மூச்சு வாங்கியது. "எத்தனாவது?"

எதிரே பெரிய பலகையில் எழுதியிருக்கும். அதைப் பார்த்துச் சொல்வதும் தட்டுகிறவளுடைய வேலைதான். அன்னமயில் அந்தத் திசைக்கு முகத்தைத் திருப்பினாள். இருட்டாக இருந்தது.

"தெரியலடி. நீ ஏறு, பாத்துச் சொல்றேன்."

பாண்டீஸ்வரி ஏறாமல் தண்ணீரிலேயே கிடந்தாள்.

"ஊர்ல எல்லாரும் உக்காந்திருப்பாங்களா?"

"உக்காந்திருப்பாங்க."

"இருக்கட்டும். இன்னும் கொஞ்ச நேரம் இப்பிடியே இருக்கட்டும், ஒருத்தராச்சும் எந்திரிக்கிறாங்களான்னு பாப்போம். எட்வின் சார் அந்த முனையிலதான நிக்கிறாரு? போயி அவர்ட்டக் கேட்டுட்டு வாங்க."

"நடந்தா?"

"பின்ன?"

அன்னமயில் எழுந்தாள். ஈரத்தரை. ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் தெரியாத மனிதர்கள். ஒரு அதிகாரி பாண்டீஸ்வரியிடம் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார், அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "கையை நீட்டாதீங்க மதனி," என்று தண்ணீரிலிருந்து குரல் வந்தது, "காலைத் தேச்சு வைங்க. தரை சொல்லும்." அன்னமயில் காலைத் தேய்த்து வைத்தாள். அடுத்த காலை வைத்தாள். பத்தாவது எட்டில் யார்மீதோ இடித்தாள், அவர்கள் ஒதுங்கினார்கள். இருபதாவது எட்டில் பயம் கொஞ்சம் பின்தங்கியது. பாதி தூரம் போயிருக்கும்போது எதிரே எட்வின் சார் ஓடி வந்து அவள் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு, பலகையில் இருந்ததைச் சொன்னார்.

அவள் வந்த திசைக்குத் திரும்பி, அடிவயிற்றிலிருந்து குரல் கொடுத்தாள்.

"மூணாவதுடி பாண்டி."

 அழுகையும் சிரிப்பும் கலந்து பாண்டீஸ்வரியின் குரல் வந்தது.

"சரி, அப்பிடியே திரும்பி நடந்து வாங்க மதனி. சாரைப் பிடிக்காம வாங்க. நீங்க வந்து சேந்த பெறகு ஏறுறேன்."